ஸ்கோப் ஸீரோ நிற்கவில்லை: ரிங், டவ்டெய்ல், முறுக்கு அளவு

சுங்கை சிப்புட் வட்டாரம் › குறிசுடுதல் › கருவியும் பராமரிப்பும்

#1 பால்வாளி

வணக்கம். .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பகுதி) மேலேயே வெட்டிய டவ்டெய்ல் (பக்கங்கள் சரிவான பட்டை), அதில் ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு தனி ரிங், 3-9×40 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), குழாய் 25.4 மி.மீ. 50 மீட்டரில் ஸீரோ (குறிக்கோடு காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்படி) வைத்தால் பத்துப் பன்னிரண்டு தோட்டா ஒரே இடத்தில் விழுகிறது. அதற்குப் பிறகு மெல்ல மேலே ஏறுகிறது. இருபதாவது தோட்டாவுக்குள் 4 செ.மீ. விலகல். ஒவ்வொரு தடவையும் ஆலன் கீயால் இன்னும் கொஞ்சம் இறுக்கியாகிவிட்டது. இப்போது ஜூம் வளையத்தைத் திருப்பவே கஷ்டமாக இருக்கிறது. ஸ்கோப்பை மாற்றுவதா, ரிங்கை மாற்றுவதா? எவ்வளவு முறுக்கினால் நிற்கும்?

#2 பெரட்டுக்களம்

தம்பி, முதலில் ஆலன் கீயைக் கீழே வையுங்கள். ஜூம் வளையம் பிடிக்கிறது என்றால் ரிங் குழாயை நெரிக்கிறது என்று அர்த்தம். குழாய் மெல்லிய அலுமினியம். உள்ளே இன்னொரு குழாய் ஸ்பிரிங்கின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, ஸ்கோப்பின் திருகில் கிளிக் வைத்தால் நகர்வது அதுதான். வெளிக்குழாய் நெளிந்தால் உள்ளே இருப்பது சிக்கும், பத்து கிளிக் திருப்பினால் ஆறுதான் நகரும், மீதி இரண்டு மூன்று வேட்டுக்குப் பிறகு தானாகக் குதிக்கும். ரிங் மூடிகளை இன்றே தளர்த்துங்கள். வளையம் மறுபடி இலகுவாகச் சுற்றினால் தப்பித்தது. தளர்த்திய பிறகும் பிடித்தால் குழாய் நெளிந்துவிட்டது.

அடுத்தது, எது நகர்கிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் வாங்காதீர்கள். நகரக்கூடிய இடங்கள் ஐந்து: கட்டைக்கும் (துப்பாக்கியின் உடலைத் தாங்கும் பகுதி) ஆக்‌ஷனுக்கும் நடுவில், ரிசீவருக்கும் அதன்மேல் தனியாகத் திருகும் அடிப்பட்டையான பேஸுக்கும் நடுவில் (உங்களுக்கு இது இல்லை, டவ்டெய்ல் ரிசீவரிலேயே வெட்டியது), டவ்டெய்லுக்கும் அதைக் கவ்வும் ரிங் தாடைக்கும் நடுவில், ரிங்குக்கும் குழாய்க்கும் நடுவில், கடைசியாக ஸ்கோப்பின் உள்ளே. நகப்பூச்சு வாங்கி, ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் படும்படி ஒரு மெல்லிய கோடு இழுங்கள். ஸ்குரு தலையிலும் ஒரு கோடு. காய்ந்த பிறகு இருபது தோட்டா சுடுங்கள். எந்தக் கோடு உடைந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு. ஒரு கோடும் உடையவில்லை என்றால் கட்டையையும் ஸ்கோப்பின் உள்பக்கத்தையும் சந்தேகப்படலாம்.

குறி மேலே ஏறுகிறது என்பதே ஒரு துப்பு. ஸ்கோப்பின் பின்முனை மேலே எழும்பினால் குறிக்கோடு கீழே சாயும், அதை இலக்குக்குக் கொண்டுவரக் குழலை உயர்த்த வேண்டியிருக்கும், தோட்டா மேலே போகும். இரண்டு ரிங்குக்கும் இடைவெளி 100 மி.மீ. என்று வைத்தால், பின் ரிங் 0.08 மி.மீ. எழும்பினாலே 50 மீட்டரில் 4 செ.மீ. தாளின் தடிமன் அது, கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. பின் ரிங்கை முதலில் பாருங்கள்.

#3 கித்தாக்காடு

அளவு கேட்டீர்கள். ரிங் தயாரிப்பாளர் தாளில் போட்டிருப்பதுதான் முதல் சட்டம். தாள் இல்லையென்றால், குழாயைப் பிடிக்கும் மூடி ஸ்குருக்களுக்கு 15 முதல் 18 இன்ச் பவுண்ட், அதாவது 1.7 முதல் 2.0 நியூட்டன் மீட்டர். ஸ்கோப் தயாரிப்பாளர்கள் பலர் இதற்கு மேல் போகாதே என்றுதான் எழுதுகிறார்கள். தனி பேஸ் வைத்திருப்பவர்களுக்கு: ரிசீவரில் இறங்கும் 6-48 (மரை அளவு) ஸ்குருவுக்கு 15 முதல் 20 இன்ச் பவுண்ட், 8-40 ஸ்குருவுக்கு 25 முதல் 28. பிகாடினி ரெயிலில் (குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பட்டை) குறுக்கு போல்ட் 45 முதல் 65 வரை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அந்த 65ஐப் பார்த்துவிட்டு டவ்டெய்ல் அலுமினிய ரிங்கில் வைக்காதீர்கள், தாடை விரியும். டவ்டெய்லுக்கு 15 முதல் 20 போதும்.

1 நியூட்டன் மீட்டர் என்பது 8.85 இன்ச் பவுண்ட். அலகைக் குழப்பிக்கொண்டு 15 இன்ச் பவுண்டை 15 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால் ஒன்பது மடங்கு. ஸ்குரு தலை கையோடு வரும். சைக்கிள் கடையில் விற்கும் 5 நியூட்டன் மீட்டர் நிலையான சாவியும் ரிங் மூடிக்கு ஆகாது. அது 44 இன்ச் பவுண்ட்.

டார்க் ரெஞ்ச் இல்லாதவருக்கு ஒரு வழி இருக்கிறது. சந்தையில் பை எடை பார்க்கும் தொங்கு தராசு போதும். ஆலன் கீயின் குட்டைக் காலை ஸ்குருவில் வையுங்கள். நீளக் காலில், ஸ்குருவின் நடுமையத்திலிருந்து சரியாக 50 மி.மீ. அளந்து கோடு போட்டு, அங்கே தராசு கொக்கியை மாட்டி, கீக்குச் செங்குத்தாக இழுங்கள். 3.7 கிலோ காட்டும்போது 1.8 நியூட்டன் மீட்டர். இழுக்கும் கோணம் சாய்ந்தால் உண்மையான முறுக்கு குறையும், அதனால் இரண்டு தடவை செய்து பாருங்கள். கையால் மூச்சைப் பிடித்து முறுக்குபவர்கள் அதே 50 மி.மீ.க்கு 10 கிலோ சர்வ சாதாரணமாகக் கொடுக்கிறார்கள். குழாயில் ரிங் தடம் விழுவது அதனால்தான்.

#4 செம்பனைக்குலை

முறுக்குவதற்கு முன்னால் சுத்தம் செய்வதைப் பற்றி யாரும் பேசவில்லையே. டவ்டெய்ல், தாடை, ரிங் உள்பக்கம், குழாய் எல்லாவற்றிலும் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் கறுப்பு வராத வரை துடையுங்கள். குழாய்க்கும் ரிங்குக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெயும் கூடாது, அங்கே வேலை செய்வது உராய்வு மட்டும்தான். ஸ்குரு மரைக்கும் இதே கதைதான். காய்ந்த மரையில் 18 இன்ச் பவுண்டும் எண்ணெய் தடவிய மரையில் 18 இன்ச் பவுண்டும் ஒன்றல்ல. எண்ணெய் உராய்வைத் தின்றுவிடும், அதே எண்ணில் ஸ்குரு இன்னும் அதிகமாக இழுக்கும். தாளில் இருக்கும் அளவுகள் பெரும்பாலும் காய்ந்த மரைக்கு.

பூட்டும் வரிசை: துப்பாக்கியைக் காலி செய்யுங்கள், போல்ட்டை உருவுங்கள், தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும். ரிங்கின் கீழ்ப்பாதியை டவ்டெய்லில் லேசாகப் பிடிக்க வைத்து, ஸ்கோப்பை வைத்து, மூடிகளைக் கையால் மட்டும் திருகுங்கள். ஸ்கோப் தள்ளினால் நகரவேண்டும், தானாக நகரக்கூடாது. ஜூமை 9இல் வைத்துக் கண் தூரம் பாருங்கள், ஏனென்றால் அதிக ஜூமில்தான் கண் வைக்கும் இடம் மிகக் குறுகல். கண்ணை மூடிக்கொண்டு கட்டையில் கன்னத்தை வைத்து, பிறகு திறங்கள். விளிம்பில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டம் தெரியவேண்டும். கழுத்தை நீட்டியோ இழுத்தோ வட்டத்தைத் தேடினால் ஸ்கோப்பை நகர்த்துங்கள். கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் நடுவில் பொதுவாக 75 முதல் 100 மி.மீ. வரும். உட்கார்ந்து சுடுவதற்கும் படுத்துச் சுடுவதற்கும் ஒரு அங்குலம்கூட வித்தியாசப்படும், எந்த நிலையில் சுடுவீர்களோ அதில் பாருங்கள். ரிங், ஸ்கோப்பின் திருகுகள் இருக்கும் நடுப்பெட்டிக்கு ஒட்டியோ குழாய் விரியத் தொடங்கும் இடத்திலோ உட்காரக்கூடாது, சில மி.மீ. விடுங்கள்.

உயரத்தைக் கடைக்காரர் சொல்லும் லோ, மீடியம், ஹை என்று நம்பி வாங்காதீர்கள். ஒருவர் மீடியம் இன்னொருவருக்கு ஹை. கணக்குப் போடுங்கள். 40 மி.மீ. ஸ்கோப்பின் முன்மணி (முன் லென்ஸ் இருக்கும் விரிந்த பகுதி) வெளிவிட்டம் 47 என்று அளந்தால் பாதி 23.5. குழாயின் பாதி 12.7. வித்தியாசம் 10.8. டவ்டெய்லும் குழலின் மேற்பரப்பும் ஒரே மட்டமென்றால், டவ்டெய்லிலிருந்து ஸ்கோப் குழாயின் அடிவரை குறைந்தது 13 மி.மீ. வேண்டும், அப்போதுதான் குழலுக்கு மேல் 2 மி.மீ. காற்று இருக்கும். லென்ஸ் மூடி போடுபவர் அதன் தடிமனையும் சேர்க்கவேண்டும். போல்ட் கைப்பிடி தூக்கும்போது கண்பக்க மணியில் இடிக்கிறதா என்பதையும் பாருங்கள். அதை விட்டுவிட்டு வாங்கி மறுபடி கடைக்கு நடப்பவர் அதிகம்.

#5 மங்குத்துடைப்பு

மட்டம் பார்ப்பதை மறக்கவேண்டாம். ரிசீவர் மேல் ஒரு சின்ன ரசமட்டம், ஸ்கோப் மேல்மூடியின் மேல் இன்னொன்று, இரண்டும் ஒத்துப்போகவேண்டும். ஒரு டிகிரி விலகினாலும் துப்பாக்கி கோணலாகச் சுடும். துப்பாக்கி முற்றிலும் நேராக நிற்பதுதான் முதல் தேவை.

#6 பெரட்டுக்களம்

அண்ணே, மரியாதையோடு இங்கே மாறுபடுகிறேன். சாய்வில் இரண்டு வகைத் தவறுகள் இருக்கின்றன, ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

குறுக்குக்கோடு பூமிக்கு நேர்குத்தாக இருந்து, துப்பாக்கி மட்டும் கீழே 3 டிகிரி சாய்ந்திருந்தால், ஸ்கோப் மையம் குழலுக்கு நேர்மேலே இல்லாமல் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். ஸ்கோப் உயரம் 45 மி.மீ. என்றால் பக்க விலகல் 2.4 மி.மீ. அதை 50 மீட்டரில் ஸீரோ செய்தால் 100 மீட்டரில் மறுபக்கம் 2.4 மி.மீ. .22க்கு அது கணக்கில் வராது.

குறுக்குக்கோடே 3 டிகிரி சாய்ந்திருந்தால் வேறு கதை. ஒலிவேகத்துக்குக் கீழே போகும் .22 தோட்டாவுக்கு, 50 மீட்டர் ஸீரோவிலிருந்து 100 மீட்டருக்கு 25 செ.மீ. அளவு ஏற்றவேண்டும். சாய்ந்த ஸ்கோப்பில் அந்த 25 செ.மீ. நேராக ஏறாமல் பக்கவாட்டில் 13 மி.மீ. இழுத்துக்கொண்டு போகும். தூரம் கூடக்கூட இது வளரும். அதனால் கோடுதான் முதலில், துப்பாக்கி பிறகு.

ஸ்கோப் மேல்மூடியில் ரசமட்டம் வைப்பதையும் முழுக்க நம்பவேண்டாம். மூடி மட்டமாக இருந்தாலும் உள்ளே கோடு அதோடு ஒத்திருக்கும் என்று உத்தரவாதமில்லை. கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு போதும். 25 மீட்டரில் வெள்ளைச் சுவர் முன்னால் நூலைத் தொங்கவிடுங்கள். காற்றில் ஆடினால் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் இறக்குங்கள். ரிசீவரை ரசமட்டத்தில் நிறுத்தி, ஸ்கோப்பைச் சுற்றி நின்ற கோட்டை நூலோடு ஒட்டவையுங்கள். பிறகு மூடிகளை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்கோப் சுழலும், கட்டாயம் சுழலும், அதனால் ஒரு பக்கமாக முறுக்காதீர்கள். குறுக்காக, கால் சுற்று, கால் சுற்று. மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் இருபக்கமும் இடைவெளி சமமாக இருக்கவேண்டும். முடிந்ததும் நூலை மறுபடி பாருங்கள்.

#7 மங்குத்துடைப்பு

அந்தக் கணக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். சுடும்போது துப்பாக்கி கையில் சாயாமல் இருக்க ரசமட்டம் உதவும் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கோட்டை ஒழுங்காகப் பூட்டியிருந்தும், சுடுபவர் 3 டிகிரி சாய்த்துப் பிடித்தால் அதே 13 மி.மீ. வரும். குழாயில் கட்டும் சின்னக் குமிழி மட்டத்தை, தூக்குக்குண்டு வைத்திருக்கும் அதே நேரத்தில் பூட்டிவிடுங்கள்.

#8 லயத்துவாசல்

ஸ்பிரிங் பிஸ்டன் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுக்கவேண்டாம். தோட்டாத் துப்பாக்கி பின்பக்கம் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னே பாயும்போது ஒரு உதை பின்னால், பிஸ்டன் அடியில் மோதி நிற்கும்போது ஒரு உதை முன்னால். இந்த இரண்டாவது உதையில் துப்பாக்கி முன்னே குதிக்கிறது, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, அதனால் ரிங் மெல்லப் பின்னால் ஊர்ந்துவரும். முறுக்கினால் அது நிற்காது. ரிசீவரின் பின்பக்கத்தில் ஸ்டாப் பின்னுக்கான குழி இருக்கும், ரிங்கின் அடியிலிருக்கும் பின்னை அதில் இறக்குங்கள். குழி இல்லையென்றால் பின் ரிங்குக்குப் பின்னால் தனி ஸ்டாப் கட்டை. இரண்டு துண்டு ரிங்கைவிட ஒரே துண்டு மவுண்ட் நல்லது. ஸ்கோப்பும் காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால்தான் வாங்கவேண்டும், பெரிய ரைஃபிளில் நிற்கும் ஸ்கோப் இந்த முன்னுதையில் உள்ளே உடைந்துபோகும்.

பிகாடினி ரெயில் உள்ள தோட்டாத் துப்பாக்கி என்றால் இதற்கு நேர்மாறு: குறுக்கு போல்ட்டை இறுக்கும் முன் ரிங்கைக் குழல்முனைப் பக்கம் தள்ளி, பள்ளத்தின் முன்சுவரில் முட்டவைத்துப் பிறகு இறுக்குங்கள்.

#9 கித்தாக்காடு

லாக்டைட் பற்றிக் கேட்பவர்கள் வருவார்கள் என்பதால் முன்கூட்டியே. ரிசீவரில் இறங்கும் பேஸ் ஸ்குருவுக்கு நீலம் 243 ஒரு சிறு புள்ளி போதும், சின்ன ஸ்குருவுக்கு ஊதா 222 இன்னும் பொருத்தம். சிவப்பு வேண்டவே வேண்டாம், கழற்றச் சூடு காட்டவேண்டியிருக்கும். ரிங் மூடிக்குப் போடாதீர்கள். ஈரமான லாக்டைட் மசகுபோல வேலைசெய்யும், 18 இன்ச் பவுண்ட் என்று நினைத்து அதற்கு மேல் நெரித்துவிடுவோம்.

#10 பெரட்டுக்களம்

> ரிங் மூடிக்குப் போடாதீர்கள்

ஆமோதிக்கிறேன். கூடவே ஒன்று. மூடி ஸ்குருக்களை மாதம் ஒருமுறை ரெஞ்ச் வைத்து இறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கமில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நகரும். நகப்பூச்சுக் கோடு உடையவில்லை என்றால் தொடாதீர்கள்.

#11 செம்பனைக்குலை

நம் ஊர் ஈரத்தைச் சொல்லாமல் விட்டால் குறை. மரக்கட்டை மழைக்காலத்தில் நீர் குடித்து வீங்கும், முன்கட்டை குழலைத் தொடும், ஸீரோ பக்கவாட்டில் போகும். ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஓட்டிப்பாருங்கள். குழல் மிதக்கும்படி செய்த கட்டையில் தாள் ரிசீவர் வரை தடையின்றி ஓடவேண்டும். ஆக்‌ஷன் ஸ்குருக்கள் தளர்ந்திருக்கிறதா என்பதை இதோடு பாருங்கள். ஸ்கோப் ஆடவில்லை, துப்பாக்கியே கட்டையில் ஆடுகிறது என்ற கோளாறு நிறைய.

லென்ஸில் பூஞ்சை வேறு. ஸ்கோப்பைத் தோல் உறையில் மூடி அலமாரியில் வைத்தால் சிலந்திவலை மாதிரி படரும், பூச்சைத் தின்றுவிடும். கேமராக்காரர்கள் வைக்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கலாம். துப்பாக்கி பூட்டிய பெட்டியில்தான் இருக்கவேண்டும் என்பவர்கள் அதற்குள்ளேயே சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். லென்ஸ் வளையத்தைக் கழற்றித் துடைக்கப் போகாதீர்கள், உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பியிருக்கும், அது போனால் அடுத்த மழையில் உள்பக்கம் ஆவி படியும்.

#12 லயத்துவாசல்

புதியவர்களுக்கு ஒரு வரி. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், லைசென்ஸ் வேண்டும். ஸ்கோப் பூட்டித் தருகிறேன் என்று அடுத்தவர் துப்பாக்கியை வீட்டுக்கு வாங்கிப் போகாதீர்கள், சொந்தக்காரர் முன்னிலையில் வேலை நடக்கட்டும். ரிசீவரில் துளை போடுவது, மரை வெட்டுவது லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையின் வேலை.

#13 பால்வாளி

எல்லாருக்கும் நன்றி. மூடிகளைத் தளர்த்தியதும் ஜூம் வளையம் இலகுவாகிவிட்டது. சுத்தம் செய்து, தொங்கு தராசில் 3.7 கிலோ வைத்துப் பூட்டி, கோடு போட்டு, 20 தோட்டா. ரிங் மூடியிலும் குழாயிலும் கோடு அப்படியே. பின் ரிங் தாடைக்கும் டவ்டெய்லுக்கும் நடுவில் மட்டும் கோடு உடைந்திருக்கிறது. தாடையைக் கழற்றிப் பார்த்தால் மேல்விளிம்பில் மட்டும் பளபளப்புத் தடம், அடிப்பக்கம் தொட்ட அடையாளமே இல்லை. தாடை திரும்பிப் போட்டதா?

#14 பெரட்டுக்களம்

திரும்பிப் போட்டதல்ல என்று நினைக்கிறேன். வெர்னியர் காலிப்பரால் டவ்டெய்லின் அகலத்தை அளந்து சொல்லுங்கள். மேல்விளிம்பில், இரண்டு முனையிலும்.

#15 பால்வாளி

முன்னால் 9.6, பின்னால் 9.6. ரிங் பெட்டியில் 11 மி.மீ. என்றிருக்கிறது.

#16 கித்தாக்காடு

அதுதான். .22 துப்பாக்கிகளில் ஒரு பகுதி எட்டில் மூன்று அங்குல டவ்டெய்ல், அதாவது 9.5 மி.மீ. இன்னொரு பகுதி 11 மி.மீ. கடைக்காரர்கள் இரண்டையும் டவ்டெய்ல் என்றே விற்கிறார்கள். 11 மி.மீ. தாடையை 9.5இல் முறுக்கினால் பிடிக்கிற மாதிரிதான் தோன்றும், ஆனால் சரிவான பரப்பு முழுக்க உட்காராமல் ஒரு விளிம்பில் தொங்கும். ஒவ்வொரு உதைக்கும் அந்த விளிம்பு கொஞ்சம் நசுங்கும், ரிங் எழும்பும். இறுக்க இறுக்க விளிம்பு இன்னும் நசுங்கும். நீங்கள் இறுக்கியதெல்லாம் நோயை வளர்த்தது.

9.5 மி.மீ. என்று தெளிவாக எழுதிய ரிங் வாங்குங்கள், இரண்டு அளவுக்கும் தாடையைத் திருப்பிப் போடும் வகையும் உண்டு. பழைய தாடையை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். புது ரிங் வந்ததும் தாடையின் சரிவில் மார்க்கர் மை பூசி ஒருமுறை இறுக்கிக் கழற்றுங்கள். டவ்டெய்லிலும் மை ஒரு பட்டையாகப் பதியவேண்டும், கோடாகப் பதியக்கூடாது.

#17 செம்பனைக்குலை

ரிங் உள்பக்கத்தை லேப்பிங் (தேய்த்துச் சமன்படுத்துதல்) செய்யலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். முதலில் கூர்முனைக் கம்பி இரண்டை ரிங்குகளில் வைத்து முனை முனையோடு சேர்கிறதா பாருங்கள். சேர்ந்தால் தேய்க்க வேண்டாம். சேரவில்லை என்றால் மட்டும், 25.4 மி.மீ. எஃகுக் கம்பியும் அரைக்கும் பசையும் வைத்து, தொடும் பரப்பு முக்கால் பங்கு பளபளக்கும் வரை. அதற்கு மேல் போனால் ரிங் வட்டம் பெரிதாகிப் பிடிப்பே போய்விடும். உள்ளே பிளாஸ்டிக் வளையம் உள்ள ரிங்கை ஒருபோதும் தேய்க்காதீர்கள்.

#18 பெரட்டுக்களம்

புது ரிங் பூட்டிய பிறகு சோதிக்கும் முறை. போல்ட்டை எடுத்துவிட்டுக் குழலின் வழியாக 25 மீட்டர் இலக்கைப் பாருங்கள், துப்பாக்கியை அசைக்காமல் குறுக்குக்கோட்டை அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பிறகு சுட்டு 50 மீட்டரில் ஸீரோ. கால் எம்ஓஏ கிளிக் (எம்ஓஏ என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) 50 மீட்டரில் 3.6 மி.மீ., 25 மீட்டரில் 1.8.

ஸீரோ ஆனதும் பெட்டிச் சோதனை. ஒரே புள்ளியைக் குறிபார்த்து மூன்று தோட்டா. வலது 20 கிளிக், அதே புள்ளியைப் பார்த்து மூன்று. மேலே 20, மூன்று. இடது 20, மூன்று. கீழே 20, கடைசி மூன்று முதல் மூன்றின் மேலேயே விழவேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 73 மி.மீ. வரவேண்டும். பெட்டி சாய்ந்திருந்தால் கோடு சாய்ந்திருக்கிறது. பக்கங்கள் குறைந்தாலோ கடைசித் தொகுதி திரும்பி வராவிட்டாலோ முன்பு நெரித்ததில் ஸ்கோப் உள்ளே அடிபட்டிருக்கிறது, அப்போது ரிங் எதுவும் காப்பாற்றாது.

இருபது தோட்டா கழித்து நகப்பூச்சுக் கோடுகளைப் பாருங்கள். அந்தத் தாளை எறியாமல், எந்தத் தோட்டா, எத்தனை கிளிக் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள், அடுத்த தடவை அதே தோட்டாவில் ஒப்பிட வேண்டும்.

#19 பால்வாளி

சரிங்க அண்ணே. 9.5 ரிங் வந்ததும் மை பூசின தாடையின் படத்தையும் பெட்டித் தாளையும் இங்கேயே போடுகிறேன்.